அலமாரிப் பூட்டைத் திறந்த சீர்காழிக்காரர்

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி இந்தியா முழுவதும் நூலகர் தினம் கொண்டாடப்படுகிறது. கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அன்று ஒரு படத்துக்கு மாலை போடுகிறார்கள். அந்தப் படத்தில் இருப்பவர் ஒரு தமிழர். தஞ்சைச் சீமையில் பிறந்து, சென்னை, காசி, டெல்லி என்று ஊர் ஊராக வேலை பார்த்து, கடைசியில் பெங்களூரில் குடியேறி, இங்கேயே கண் மூடியவர். அவர்தான் டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன்.

இன்று நாம் நூலகத்துக்குள் நுழைகிறோம். நேரே அலமாரிக்குப் போகிறோம். பிடித்த புத்தகத்தை நம் கையாலேயே எடுத்துப் புரட்டிப் பார்க்கிறோம். வேண்டாம் என்றால் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறோம். இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் 100 ஆண்டுகளுக்கு முன்பு நம் நாட்டில் நிலைமை வேறு. புத்தகங்கள் உள்ளே பூட்டிக் கிடக்கும். வாசகர் வெளியே நின்று பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். சிப்பந்தி போய்த் தேடி எடுத்து வர வேண்டும். புத்தகத்தின் பெயர் தெரியாதவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

அந்தப் பூட்டைத் திறக்கத் தம் வாழ்நாளையே செலவிட்டவர் ரங்கநாதன்.

கணக்கு வாத்தியார்

ரங்கநாதன் 1892-ம் ஆண்டு சீர்காழியில் பிறந்தார். தந்தை ராமாமிருத அய்யர். தாயார் சீதாலட்சுமி. சீர்காழியை ஆங்கிலத்தில் அப்போது ஷியாளி என்று எழுதுவார்கள். அவருடைய பெயருக்கு முன்னால் வரும் எஸ். என்பது ஊரையும், ஆர். என்பது தந்தையையும் குறிக்கும்.

அவருக்கு 6 வயது ஆனபோது தந்தை இறந்துவிட்டார். உள்ளூரிலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். 1913-ல் பி.ஏ. பட்டமும், 1916-ல் கணிதத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் ராஸ் என்ற வெள்ளைக்காரரைத் தம் குருவாகவே மதித்தார். கடைசி வரையில் அந்தப் பக்தி குறையவில்லை.

பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார். முதல் வேலை 1917-ல் மங்களூர் அரசாங்கக் கல்லூரியில் கிடைத்தது. அப்புறம் கோயம்புத்தூர். அப்புறம் சென்னை மாநிலக் கல்லூரி. அவருக்குத் திக்குவாய் இருந்தது. பேசும்போது சொல் தடைப்படும். அதையும் மெல்ல மெல்ல வென்று, மாணவர்கள் விரும்பும் கணித ஆசிரியரானார்.

வேண்டாத வேலை

1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு முழு நேர நூலகர் ஒருவரை நியமிக்க முடிவு செய்தது. சுமார் 900 பேர் மனுச் செய்தார்கள். நூலகத் தொழிலில் முறையான பயிற்சி பெற்றவர் அவர்களில் ஒருவர் கூட இல்லை. ரங்கநாதனுக்கும் அந்தத் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேட்டிக்குப் போவதற்குச் சில நாள் முன்பு, ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றில் நூலகங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

வேலை அவருக்கே கிடைத்தது. 1924-ம் ஆண்டு ஜனவரி மாதம் பொறுப்பேற்றார்.

ஆனால் சில நாட்களிலேயே மனம் வெறுத்துவிட்டது. வகுப்பறையில் மாணவர்கள் சூழ இருந்து பழகியவர் அவர். இங்கே பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை. புத்தகங்களுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பொறுக்க முடியாமல் பழைய கல்லூரிக்கே போய், தம்மைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டார்.

கல்லூரி முதல்வர் யோசனை ஒன்று சொன்னார். நூலகத் தொழிலைக் கற்பதற்காக லண்டன் போகும் வாய்ப்பு இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பழைய வேலைக்கே வரலாம் என்றார். ரங்கநாதன் அரை மனதோடு கப்பல் ஏறினார்.

பொம்மை தந்த யோசனை

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்பவர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். சேயர்ஸ் குரோய்டன் நகர நூலகத்தின் தலைவர். அவர் சொற்படி ரங்கநாதன் இங்கிலாந்தில் 100-க்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார்.

அங்கே கண்ட காட்சி அவரை மாற்றிவிட்டது. நூலகங்களில் பேராசிரியர்கள் மட்டும் இல்லை. தொழிற்சாலைத் தொழிலாளிகள் இருந்தார்கள். குடும்பப் பெண்கள் இருந்தார்கள். சின்னக் குழந்தைகள் இருந்தார்கள். நூலகம் என்பது படித்த சிலருக்கான பண்டசாலை அல்ல, ஒரு சமுதாயத்தையே கைதூக்கிவிடும் கருவி என்று அவருக்குப் பட்டது. மறுபடி கணக்கு வாத்தியார் ஆகும் எண்ணம் அங்கேயே போய்விட்டது.

ஒரு குறையும் கண்ணில் பட்டது. ஒரே பொருளைப் பற்றிய புத்தகங்கள் ஒரே இடத்தில் இருந்தால்தான் வாசகர் தாமே தேடிக்கொள்ள முடியும். அதற்குப் புத்தகங்களை வகை பிரித்து எண் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் மெல்வில் டூயி 1876-ல் வகுத்த தசம எண் முறை அப்போது பெயர் பெற்றிருந்தது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் அறை ஒதுக்கியிருக்கும். புதிதாக ஒரு துறை முளைத்தால் அதை எங்கே வைப்பது என்று திண்டாட வேண்டியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் லண்டன் கடை ஒன்றில் ஒரு விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். மெக்கானோ என்று பெயர். துளை போட்ட தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், திருகாணிகள். இவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு தடவை வண்டி, ஒரு தடவை பாலம், ஒரு தடவை பளு தூக்கி. துண்டுகள் கொஞ்சம்தான். செய்யக்கூடிய பொம்மைகளோ ஏராளம்.

புத்தகத்துக்கும் இப்படியே எண் கொடுத்தால் என்ன என்று ரங்கநாதன் நினைத்தார். உதாரணமாக, 1950-ல் இந்தியாவில் நுரையீரல் காசநோயை எக்ஸ்ரே கதிரால் குணப்படுத்துவது பற்றி நடந்த ஆராய்ச்சி என்று ஒரு புத்தகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, ஆராய்ச்சி, இந்தியா, 1950 என்று அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறி. அந்தக் குறிகளைச் சேர்த்துப் பூட்டும் திருகாணியாக முக்காற்புள்ளி. நாளைக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் துண்டுகளைச் சேர்த்து எண் செய்துகொள்ளலாம். இடமில்லை என்ற பேச்சே இல்லை.

இதுதான் பிறகு கோலன் பகுப்பு முறை என்று உலகப் புகழ் பெற்றது. 1933-ல் நூலாக வெளிவந்தது. இங்கிலாந்தில் 1952-ல் கூடிய பகுப்பாராய்ச்சிக் குழுவினர் இவருடைய வழியைப் பின்பற்றியே தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள்.

பூட்டு திறந்தது

1925-ல் சென்னை திரும்பியவர் புது மனிதராக இருந்தார். பல்கலைக்கழக நூலகத்தில் வாசகரை அலமாரி வரையில் உள்ளே விட்டார். புத்தகம் திருடு போகாதா என்ற கேள்வி எழாமல் இல்லை. நாலு புத்தகம் போனாலும் போகட்டும், ஆயிரம் புத்தகம் படிக்கப்படுவது அதைவிட லாபம் என்பது அவர் கட்சி.

கதவைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே வருபவருக்கு வழிகாட்டவும் ஆள் வேண்டும் என்றார். வாசகர் பக்கத்தில் நின்று, என்ன வேண்டும் என்று கேட்டுத் தேடிக் கொடுப்பதற்கென்றே பணியாளர்களை அமர்த்தினார். புத்தகத்தைக் காவல் காப்பது நூலகர் வேலை என்றிருந்தது போய், புத்தகத்தையும் மனிதரையும் சேர்த்து வைப்பதே நூலகர் வேலை என்று ஆயிற்று.

அந்த நூலகம் முதலில் எழும்பூரில் கன்னிமாரா நூலகக் கட்டிடத்தில் இருந்தது. பிறகு செனட் மண்டபத்துக்கு வந்தது. 1936-ல் சேப்பாக்கம் கடற்கரையில் சொந்தக் கட்டிடத்தில் குடியேறியது. இத்தனைக்கும் நடுவில் ரங்கநாதன் விடுமுறை எடுக்காமல் உழைத்தார். சுமார் 20 ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நூலகத்துக்கு வந்தார் என்று அவரோடு இருந்தவர்கள் சொல்வார்கள்.

ஐந்து விதிகள்

1928-ல் அவர் சென்னை நூலகச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டிலேயே அவருடைய மனதை ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அடிப்படை விதிகள் இருக்கின்றன. நூலகத் தொழிலுக்கு மட்டும் ஏன் இல்லை?

ஒரு நாள் மாலை பழைய குரு ராஸ் அவரைப் பார்க்க வந்தார். சிஷ்யர் குழம்பிப் போயிருப்பதைக் கண்டு, புத்தகம் பயன்படுவதற்காக இருக்கிறது என்பதுதானே உன் முதல் விதி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மற்ற நான்கும் தாமாக வந்தன.

அவற்றின் சாரம் இதுதான். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படவே. படிக்க விரும்பும் ஒவ்வொருவருக்கும் அவருக்கு வேண்டியது கிடைக்க வேண்டும். அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கு ஏற்ற வாசகர் கிடைக்க வேண்டும். வாசகருடைய நேரத்தை வீணாக்கக் கூடாது. ஐந்தாவதாக, நூலகம் என்பது உயிருள்ள பொருள் போல வளர்ந்துகொண்டே இருப்பது. அதற்கு இடம் விட்டுத் திட்டமிட வேண்டும்.

அதே ஆண்டில் அவருடைய மனைவி ருக்மிணி விபத்தில் இறந்துபோனார். அந்தத் துயரத்தோடுதான் டிசம்பர் மாதம் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில் இந்த விதிகளை முதல் தடவையாக வெளியிட்டார். 1931-ல் அவை நூலாக வந்தன. இன்று உலகத்தில் எந்த நாட்டில் நூலகப் படிப்புப் படித்தாலும் இந்த ஐந்தையும் படிக்காமல் பட்டம் வாங்க முடியாது என்றே சொல்லலாம்.

மாட்டு வண்டியும் சட்டமும்

நகரத்தில் இருப்பவருக்கு நூலகம் சரி. கிராமத்தில் இருப்பவருக்கு? 1931-ல் மன்னார்குடிப் பகுதியில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அதற்கு ரங்கநாதனின் ஊக்கம் இருந்தது. நடமாடும் நூலகம் என்ற சொல் பழக்கத்துக்கு வரும் முன்பே தஞ்சாவூர் வயல் வரப்புகளின் வழியே அது நடமாடியது.

ஆனால் தனி மனிதரின் தர்ம சிந்தனையை நம்பி நாடு முழுவதும் நூலகம் நடத்த முடியாது. அதற்கு ஒரு சட்டம் வேண்டும், நிலையான வருமானம் வேண்டும் என்று அவர் கண்டார். 1930-ல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி மசோதா ஒன்றை எழுதி வைத்தார். அது பலிக்க 18 ஆண்டுகள் ஆயின. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது அதுவே முதல் தடவை. வீட்டு வரியோடு ஒரு சிறு நூலக வரி சேர்ந்தது. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் நூலகம் இருக்கிறதென்றால் அந்தச் சிறு வரிதான் அதற்கு விதை.

காசியும் டெல்லியும்

சட்டம் வந்தபோது ரங்கநாதன் சென்னையில் இல்லை. 1945-ல் சென்னைப் பதவியை விட்டு விலகியவரை, காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அழைத்துக்கொண்டார். ஓய்வு எடுக்க வேண்டிய வயதில் காசிக்குப் போய், அங்கிருந்த சுமார் 1 லட்சம் புத்தகங்களையும் தாமே உட்கார்ந்து வகை பிரித்தார்.

1947-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே நூலக விஞ்ஞானத்தில் முதுகலைப் படிப்பும் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சியும் தொடங்க வழி செய்தார். 1954-ல் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரம் போய்ச் சில ஆண்டுகள் தங்கி எழுதினார். திரும்பி வந்து உஜ்ஜயினியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1957-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

அவர் பணம் சேர்த்ததும் அதைச் செலவு செய்ததும் தனிக் கதை. எளிமையாக வாழ்ந்து, வாழ்நாள் முழுவதும் மிச்சம் பிடித்த 1 லட்ச ரூபாயை, நூலக விஞ்ஞானப் பேராசிரியர் பதவி ஒன்றை அமைப்பதற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்து 1 லட்சம்! அதற்குத் தம் பெயரை மட்டும் வைக்கவில்லை. இரண்டாவது மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்தே வைத்தார்.

பெங்களூரில் கடைசி நாட்கள்

கடைசியில் அவர் வந்து சேர்ந்த ஊர் பெங்களூர். 70 வயதில் பலர் திண்ணையில் சாய்ந்துவிடுவார்கள். அவரோ 1962-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆதரவில் இங்கே ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையம் ஒன்றை நிறுவினார். சம்பளம் வாங்காத கௌரவ இயக்குநராக இருந்து அதை வளர்த்தார். அந்த மையம் இப்போது மைசூர் சாலையில் 8-வது மைலில் உள்ள நிறுவன வளாகத்தில் நடக்கிறது.

1965-ல் மத்திய அரசு அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக்கியது. அதே ஆண்டில் கர்நாடகத்திலும், அன்றைய மைசூர் ராஜ்யத்தில், பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதிலும் அவருடைய கை இருந்தது. 1967-ல் கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். கணக்கு வாத்தியார் மனம் மாறவில்லை!

1972-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ந் தேதி, 80-வது வயதில் பெங்களூரில் காலமானார்.

இன்றைய பூட்டு

அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அலமாரிப் பூட்டு போய்விட்டது. ஆனால் வேறு ஒரு பூட்டு வந்திருக்கிறது.

இன்றைய விஞ்ஞானம் பெரும்பாலும் புத்தகத்தில் வருவதில்லை. ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் கட்டுரையாக வருகிறது. இப்போது அவை கம்ப்யூட்டரில் கிடைக்கின்றன. ஆனால் சந்தா கட்டினால்தான் திறக்கும். மக்கள் வரிப் பணத்தில் சம்பளம் வாங்கும் பேராசிரியர் ஆராய்ச்சி செய்கிறார். கட்டுரையைப் பெரும்பாலும் இலவசமாகவே பத்திரிகைக்குக் கொடுக்கிறார். பிறகு அவருடைய பல்கலைக்கழக நூலகமே அதைப் பெரும் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. வசதியில்லாத கல்லூரி மாணவன் வெளியே நிற்கிறான். பழைய காலத்து வாசகன் நின்ற அதே இடம்!

இந்தப் பூட்டைத் திறக்கும் வேலையிலும் பெங்களூர் முன்னால் நிற்கிறது. இங்குள்ள இந்திய விஞ்ஞானக் கழகம், தன் ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைகளை எவரும் காசில்லாமல் படிக்கும்படி 2002-ல் மின்னணுக் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கியது. நாட்டில் இதுவே முதல் முயற்சி. ரங்கநாதன் நிறுவிய மையமும் 2000-க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளிலேயே நூலகத் துறைக் கட்டுரைகளுக்கு இப்படி ஒன்றை அமைத்தது. டாக்டர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் விதி செய்தது. அவை சோத்கங்கா என்ற பொதுக் களஞ்சியத்தில் லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. எவரும் படிக்கலாம்.

2024-ம் ஆண்டு நவம்பரில் மத்திய மந்திரிசபை ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டத்துக்கு அனுமதி அளித்தது. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 பத்திரிகைகள், அரசுக் கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 2025 முதல் திறந்தன. இது சந்தாவை அரசு மொத்தமாகக் கட்டும் ஏற்பாடு. வாசல் பெரிதாகிவிட்டது என்பது உண்மை. பூட்டு போய்விடவில்லை என்பதும் உண்மை.

ஆகவே பல்கலைக்கழக நூலகரின் வேலையும் வளர்ந்திருக்கிறது. ஆராய்ச்சி செய்பவருக்குப் புத்தகம் தேடிக் கொடுத்தால் மட்டும் போதாது. கட்டுரையை எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினால் அனைவரும் இலவசமாகப் படிக்க முடியும், எது எழுதுபவரிடமே கட்டணம் கேட்கும், எது பணம் பறிக்கும் போலிப் பத்திரிகை, களஞ்சியத்தில் பிரதியை வைக்க உரிமை உண்டா என்றெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாசகர் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும் என்று ரங்கநாதன் சென்னையில் செய்த ஏற்பாட்டின் இன்றைய உருவம் இது.

ஆராய்ச்சிக் கட்டுரை நமக்கு எதற்கு என்று ஆலைத் தொழிலாளியோ குமாஸ்தாவோ நினைக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவருக்கு வந்த நோயைப் பற்றியோ, மகனோ மகளோ எடுத்த படிப்பைப் பற்றியோ தெரிந்துகொள்ளும் நாள் எவருக்கும் வரும். அப்போது கதவு திறந்திருக்க வேண்டும்.

கப்பன் பூங்காவில் சேஷாத்ரி அய்யர் நினைவு மண்டபத்தில், அந்தச் சிவப்புக் கட்டிடத்தில் மாநில மத்திய நூலகம் இருக்கிறது. நகரத்தின் பல பகுதிகளில் கிளைகள் இருக்கின்றன. கட்டிட வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகைக்கு இருப்பவர் கொடுக்கும் வாடகையிலும் அதன் பங்கு அடங்கியிருக்கிறது. எனவே வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர் என்று எவரும் தயங்க வேண்டாம். உள்ளே போய் அலமாரியைப் பாருங்கள். தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்றால் கேளுங்கள். இல்லை என்றால் வாங்கி வைக்கும்படி எழுதிக் கொடுங்கள். வேண்டியவருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்ற சீர்காழி ரங்கநாதனின் விதியில், இன்ன ஊர்க்காரர், இன்ன மொழிக்காரர் என்ற பாகுபாடு இல்லை.